மாடியில் வெண்டைக்காய், கீழே கட்டில் நனைந்தது!

போலீஸ் வரை போன மொட்டை மாடித் தகராறு
12 வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்த்தார்கள்

(நமது நிருபர்)

மொட்டை மாடியில் வெண்டைக்காய் காய்த்தது. கீழ் வீட்டில் கட்டில் நனைந்தது. விஷயம் போலீஸ் நிலையம் வரை போய்விட்டது!

சென்னை மேற்கு மாம்பலம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம். தரைத்தளத்தோடு சேர்த்து 4 தளம். தளத்துக்கு 3 வீடு. மொத்தம் 12 வீடு. எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள், பென்ஷன்காரர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள்.

இவர்களில் 5 வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். மற்ற 7 வீட்டுக்காரர்களுக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. துணி காயப் போடத்தான் மாடி ஏறுவார்கள்.

சித்திரை மாதம் ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று கோடை மழை கொட்டியது. ஒரு மணி நேரம்தான். ஊரே குளிர்ந்து போச்சு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

மேல் தளத்தில் குடியிருப்பவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. ராத்திரி 2 மணிக்கு அவர் முகத்தில் சொட்டு விழுந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தார். கூரையில் சுளகு அகலத்துக்கு ஈரம். கட்டில், மெத்தை எல்லாம் சொதசொத!

"எங்க வேலை இல்லை!"

மறுநாள் காலை அவர் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனார். அப்போது ஒரு செயின் பறிப்பு பற்றி விசாரிக்க நாமும் அங்கே போயிருந்தோம்.

"சார், என் தலைக்கு மேலே தோட்டம் போட்டிருக்காங்க. தினம் தண்ணி ஊத்தறாங்க. அது என் கட்டில்ல வந்து விழுது. கேஸ் போடுங்க" என்றார் அவர்.

ஏட்டையா மனுவை வாங்கிப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இது அடிதடி இல்லை, திருட்டு இல்லை. எங்க வேலை இல்லை, சார். உங்க சங்கத்தைக் கூட்டிப் பேசுங்க. அங்கே கைகலப்பு ஆனா வாங்க" என்று அனுப்பி வைத்தார்.

ஏட்டையா சொன்னது சரியான வழிதான். அடுக்குமாடி வீடுகளில் மொட்டை மாடி தனி ஒருவர் சொத்து அல்ல. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் 1994ல் வந்தது. அதற்குப் பதிலாக 2022ல் புதுச் சட்டம் போட்டார்கள். இரண்டிலுமே கூரை என்பது எல்லாருக்கும் பொது. மேல் வீட்டுக்காரரும் 'என் மாடி' என்று சொல்ல முடியாது. செடி வைத்தவரும் 'என் தோட்டம்' என்று கட்டி ஆள முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவாயிற்று. தோட்டமே கூடாது என்று தீர்மானம் கொண்டு வரப்போவதாக மேல் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். 7 பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் தோட்டம் காலி!

பெயிண்ட் கோடு

கூட்டத்துக்கு முதல் நாள் மாடி ஏறிப் பார்த்தோம்.

மாடியை 5 பங்காகப் பிரித்து வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறார்கள். பங்குக்கு 12 பை. மொத்தம் 60 பை. அவரவர் பங்கில் அவரவர்தான் பறிக்க வேண்டும். அடுத்தவர் பங்கில் ஒரு பச்சை மிளகாய் கிள்ளினாலும் பஞ்சாயத்து!

இதை ஆரம்பித்து வைத்தவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். "பெயரைப் போட்டுடாதீங்க, தம்பி. ஏற்கெனவே மேல் வீட்டுக்காரர் கோபத்துல இருக்கார்" என்று கேட்டுக்கொண்டார்.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் மானிய விலையில் கொடுத்தார்கள். அப்போது வாங்கிய பைகளோடுதான் இவரும் ஆரம்பித்தாராம்.

காலை 6 மணிக்கே அறுவடை தொடங்கிவிட்டது. வெயில் ஏறிவிட்டால் பறித்த காய் ஒரு மணி நேரத்தில் வாடிவிடும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். 'டக்' என்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்தால் முற்றல். "வெண்டைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தே ஆகணும். ரெண்டு நாள் சோம்பல் பட்டா நார்தான் மிஞ்சும்" என்றார் ஒரு வீட்டு அம்மா. விதைத்த 45 நாளில் முதல் காய் வரும். 3 மாதம் வரை காய்க்கும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் புதுக் காய் பிடிப்பது குறைந்துவிடும்.

அரைக்கீரையை இரண்டு விரற்கடை விட்டு அறுக்கிறார்கள். மறுபடி துளிர்க்கும். சிறுகீரையை வேரோடு பிடுங்குகிறார்கள். அந்த இடத்தில் அன்றைக்கே புது விதை. 25 நாளில் அடுத்த கட்டு தயார்.

கொத்தவரைக்கு வெயிலைப் பற்றிக் கவலையே இல்லை. சடைசடையாகத் தொங்குகிறது.

தக்காளிதான் பாவம். பகல் வெயிலைவிட ராத்திரி வெக்கைதான் அதற்கு எமன். ராத்திரியிலும் சூடு இறங்காவிட்டால் பூ பிஞ்சாகாமல் கொட்டிவிடும். இருக்கிற காயை லேசாகச் சிவந்ததுமே பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்க விடுகிறார்கள். செடியிலேயே விட்டால் வெடித்துவிடும். அல்லது அணில் முந்திக்கொள்ளும்.

வயிற்றெரிச்சல்

'நாலு வெண்டைக்காய்க்கு இத்தனை கூத்தா?' என்று கேட்கலாம்.

2023 ஜூலையை மறந்திருக்க மாட்டீர்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு தக்காளி விற்றது. ஜனங்கள் பையோடு வரிசையில் நின்றார்கள். அந்த மாதத்தில் இந்த மாடியில் பறித்த தக்காளியை வீடு வீடாக எண்ணிக் கொடுத்தார்களாம்.

விலை மட்டும் காரணம் இல்லை. 2019 கோடையை இவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போன வருஷம் அது. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகனில் ரயிலில் தண்ணீர் வந்தது. குளிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில் செடிக்கு யார் ஊற்றுவது?

"அரிசி களைஞ்ச தண்ணியும், பாத்திரம் அலசின கடைசித் தண்ணியும் வாளியில தூக்கிட்டு வருவோம். 6 செடிதான் பிழைச்சுது. அதுலேருந்து எடுத்த விதைதான் இதெல்லாம்" என்று கத்தரிச் செடியைக் காட்டினார் அந்த அம்மா.

இந்தச் செடியை வேரோடு எடு என்றால் வயிறு எரியாதா?

கொத்தனார் சொன்னது

கூட்டத்துக்கு முன்பே சங்கச் செயலாளர் ஒரு கொத்தனாரை வரவழைத்தார். நல்ல காரியம் செய்தார்.

கொத்தனார் பைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். குற்றவாளி யார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

முதல் குற்றம்: பைகளை நேராகத் தட்டோட்டின் மேலேயே வைத்திருந்தார்கள். அடியில் எப்போதும் ஈரம். வெயில் படாமல், காற்று படாமல் ஓட்டு இடுக்கில் இருந்த பூச்சு இற்றுப் போயிருந்தது. சில இடத்தில் பையின் ஓட்டை வழியே வேர் இறங்கி இடுக்கில் புகுந்திருந்தது.

இரண்டாவது குற்றம்: மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் சருகும் நார்த்தூளும் சேர்ந்து அடை மாதிரி அடைத்திருந்தது. மழைத் தண்ணீர் போக வழியில்லை. மாடியிலேயே குளம் கட்டி, இற்றுப்போன இடுக்கு வழியாக இறங்கிவிட்டது.

ஆக, தினம் ஊற்றுகிற தண்ணீர் மட்டும் கீழே சொட்டவில்லை. தேங்கிய மழைத் தண்ணீரும் சேர்ந்துதான் சொட்டியது. ஆனால் அடைத்தது தோட்டத்துக் குப்பைதான்!

"ஓட்டுக்கும் வயசாச்சு. செடி இல்லேன்னாலும் ரெண்டு வருஷத்துல ஒழுகியிருக்கும். செடி கொஞ்சம் சீக்கிரம் காட்டிக் குடுத்துடுச்சு" என்றார் கொத்தனார்.

இரு தரப்பும் 'பாத்தீங்களா?' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

8 - 4

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. குரல்கள் தெருவரை கேட்டன. கைகலப்பு இல்லை.

மேல் வீட்டுக்காரர், "தோட்டத்தை ஒரேயடியாக எடு" என்றார். தோட்டக்காரர்கள், "30 வருஷக் கட்டிடத்துக்கு எங்க கத்தரிக்காயா பொறுப்பு?" என்றார்கள்.

குமாஸ்தா ஒரு யோசனை சொன்னார்.

"வைகாசி முடிஞ்சா எப்படியும் பாதிச் செடி ஓய்ஞ்சுடும். பிடுங்கிட்டு, ஆடியிலதான் புதுசா நடுவோம். நடுவுல ஆனி மாசம் பூரா மாடி காலியா இருக்கட்டும். அப்போ ரிப்பேர் பண்ணுங்க. செலவுல பாதி நாங்க 5 வீடு. மீதி சங்கம்."

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 8. எதிர்ப்பு 4. யோசனை ஜெயித்தது. தோட்டம் போடாத 3 வீட்டுக்காரர்களும் ஆதரித்து ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

"அந்த மூணும் கீரைக்கட்டு ஓட்டு!" என்று மேல் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். சிரித்துவிட்டார்கள்.

காய்க்கிற செடியை...

தீர்மானம் போடுவது சுலபம். பிடுங்குவது கஷ்டம்.

அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் வெண்டையும் தக்காளியும் ஓய்ந்துவிட்டன. சென்னை வெயில் லேசுப்பட்டதா? 2003 மே 31ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. தரையில் இருக்கிற செடிக்காவது மண்ணுக்கடியில் குளிர்ச்சி உண்டு. மாடியில் இருக்கிற செடிக்கு மேலே வெயில், கீழே ஓட்டுச் சூடு.

கத்தரியும் மிளகாயும் மட்டும் பிடிவாதமாகக் காய்த்துக்கொண்டிருந்தன. "காய்க்கிற செடியைப் பிடுங்கறது பாவம்" என்று அந்த அம்மா அழாத குறை.

அதற்கும் வழி கண்டார்கள். கத்தரியை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, 14 பைகளைப் படிக்கட்டு அறை ஓரத்துக்கு மாற்றினார்கள். கவாத்து செய்த கத்தரி திரும்பத் துளிர்த்துக் காய்க்கும். மற்ற 46 பையும் காலி.

பிடுங்கிய செடியின் வேரைப் பார்த்துத்தான் தூக்கிப் போட்டார்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் மறுபடி வெண்டை, கத்தரி, தக்காளி வைத்தால் வராது. 9 பையில் முடிச்சு இருந்தது. அந்த மண்ணைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள்.

மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி, இரண்டு வாரம் வெயிலில் காய விட்டார்கள். அதுவரை செடியை வாட்டிய அதே வெயில் இப்போது மண்ணிலுள்ள பூச்சி முட்டையை வாட்டியது!

காலி மாடியில் கொத்தனார் ஓட்டு இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். பூச்சு இறுகியதும் குழாய் வாயை அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் கட்டி வைத்தார்கள். மேல் வீட்டுக்காரர் அன்று ராத்திரி தூங்கவில்லை. டார்ச் விளக்கோடு கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். சொட்டவில்லை!

ஆடிப்பட்டம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்கு மட்டும் இல்லை. மாடிக்கும் பொருந்தும்.

ஆனால் ஆடி பிறந்தபிறகு விழித்துக்கொண்டால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நேரம் போய்விடும். இவற்றுக்கு நாற்று வேண்டும். கத்தரி நாற்றுக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு 40 நாள் ஆகும். அதனால் மாடியில் பூச்சு வேலை நடந்தபோதே, வீட்டு ஜன்னல் ஓரத்தில் பழைய டப்பாக்களில் விதை போட்டுவிட்டார்கள்.

காய்ந்த மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மக்கிய தொழு உரமும் சரிபங்கு கலந்தார்கள். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்ததும் நடவில்லை. தண்ணீர் தெளித்து 10 நாள் ஆறப் போட்டார்கள்.

இடத்தையும் மாற்றினார்கள். போன தடவை கத்தரி இருந்த பையில் இந்தத் தடவை காராமணி, கொத்தவரை. காராமணியின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும். நூற்புழு இருந்த 9 பையில் துலுக்கச் சாமந்தி. நூற்புழுவை அது அடக்கும். பூவுக்குப் பூவும் ஆச்சு.

ஆடி முதல் வாரத்தில் வெண்டை, அவரை, புடலை, பாகல் விதைத்தார்கள். வெண்டை விதையை ராத்திரி ஊற வைத்துக் காலையில் ஊன்றினார்கள். அவரைக்குப் பொறுமை வேண்டும். ஆடியில் போட்டால் பகல் பொழுது குறைகிற கார்த்திகை வாக்கில்தான் பூவெடுக்கும்.

தக்காளிக்கு பி.கே.எம்.1 வாங்கியிருக்கிறார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம். ஒட்டு ரகம் அல்ல என்பதால் நல்ல பழத்தில் இருந்து விதை எடுத்து அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

புதுச் சட்டம்

இந்தத் தடவை சங்கம் சும்மா விடவில்லை. மாடிக் கதவில் விதிமுறை ஒட்டிவிட்டார்கள். மாடித் தோட்டம் போடுகிற யாருக்கும் இது உதவும்.

பை தரையைத் தொடக்கூடாது. செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ வைத்து, அடியில் கை நுழைகிற அளவுக்கு இடம் விட வேண்டும்.

மாடியின் நடுவில் பாரம் ஏற்றக்கூடாது. சுவர் ஓரமாகத்தான் அடுக்க வேண்டும். ஆள் நடமாடுகிற மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. 25 லிட்டர் பையில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 40 கிலோவைத் தொடும். ஒரு சதுர மீட்டரில் நாலு பை வைத்தாலே கணக்குத் தாண்டிவிடும்! நார்க்கழிவு கலந்தால் பாரம் குறையும்.

பைக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கக்கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. கோடையில் பைக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் வீதம் இரண்டு வேளை என்றால் 60 பைக்கு 120 லிட்டர். அதாவது தினம் 8 குடம்! பையின் மேல் மண்ணைச் சருகு போட்டு மூடினால் ஒரு வேளை போதும். ஏ.சி.யில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம். அதில் உப்பு இல்லை. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. அதில் உப்பு அதிகம்.

உச்சி வெயிலில் குழாயைத் திறக்கவே கூடாது. மேல் டேங்கில் இருந்து வருவது வெந்நீர்! வேர் வெந்துவிடும்.

குழாய் வாயில் கம்பி வலை. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு வீட்டுக்காரர் முறை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் அந்த வீட்டின் பங்கு பறிபோகும்.

ஐப்பசி வரட்டும்!

ஆடிக் கடைசியில் மறுபடி போய்ப் பார்த்தோம். வெண்டை முழங்கால் உயரம் வந்துவிட்டது. புடலைக் கொடி கயிறு தேடுகிறது. வெட்டிவிட்ட கத்தரியில் புதுப் பூ.

மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டினோம். இப்போது சமாதானமா என்று கேட்டோம்.

"சமாதானம்தான் சார். ஆனா இது ஆடித் தூறல். ஐப்பசி அடை மழை வரட்டும். அப்ப என் கட்டில் நனையலேன்னா நானும் ஒரு பங்கு கேப்பேன். நனைஞ்சா 60 பையும் கீழே இறங்கணும். நோட்டுல கையெழுத்து வாங்கியிருக்கேன்" என்றார்.

சங்க நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். 5 வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.